எனக்கு அம்மை போட்டதா?

1

நெதர்லாந்துக்கு வந்த இந்த மூன்று வருடங்களில் எனக்கு யாரும் ஊசி போட்டதில்லை. கேள்விகள்தான் போட்டிருக்கிறார்கள்.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போனால், எத்தனை நாளாக, தண்ணீர் குடிக்கிறாளா, சிறுநீர் போகிறாளா, விளையாடுகிறாளா என்று கேட்பார்கள். பிறகு, பாராசிட்டமால் கொடுங்கள், மூன்று நாள் பொறுங்கள் என்று சொல்லி எழுந்து கை கொடுப்பார்கள். முதல் வருடம் ஒவ்வொரு முறையும் ஏமாந்துபோய்த்தான் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பசுவந்தனைப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவளுக்கு அது வைத்தியமாகவே தெரியவில்லை. எங்கள் வீட்டில் இரண்டு தும்மல் தொடர்ந்து போட்டால் அப்பா கோவில்பட்டி பஸ்ஸில் ஏற்றிவிடுவார். ஊசி போடாத டாக்டரை அம்மா இரண்டாவது தடவை பார்க்க மாட்டாள். “கைராசி இல்லாத ஆளு” என்று முடித்துவிடுவாள்.

வெளிநாட்டிலிருந்து ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் கஷாயம், பச்சிலை என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் வீடு அப்படி இல்லை. தலைவலிக்கு மாத்திரை, மூட்டுவலிக்கு ஊசி, வயலில் களையெடுப்பு முடிந்து அசதியாக இருந்தால் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வது. ஒரே ஒரு நோய்க்கு மட்டும் மருந்துக்கடைப் பக்கமே தலை வைக்க மாட்டார்கள். அது அம்மை.

அதற்கு டாக்டர் கிடையாது. வாசல் நிலையில் வேப்பங்கொத்தைச் செருகிவிடுவார்கள். வந்திருப்பது மாரியம்மன், உடம்பில் கிளம்பியிருப்பது முத்து. முத்து இறங்கும்வரை சமையலில் தாளிப்பு இல்லை, கறி மீன் இல்லை, வெளியாள் உள்ளே வருவதில்லை. இறங்கியபின் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். பிறகு கோயிலுக்கு ஆயிரங்கண் பானை எடுப்பார்கள். உடம்பெல்லாம் துளை போட்ட மண்பானை, உள்ளே ஒரு விளக்கு.

இதெல்லாம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. வேப்பிலை பரப்பி அதன்மேல் விரித்த பழைய வேட்டி, முதுகில் குத்திய ஈர்க்கு, அண்ணனும் நானும் மாறி மாறிக் குடித்த இளநீர், தலைக்கு ஊற்றிய தண்ணீரின் கசப்பு உதட்டில் பட்டது, எல்லாமே. அப்போது எனக்கு ஐந்து வயது. அதனால்தான், இரண்டாவது குழந்தை உண்டாகி ஒன்பதாவது வாரத்தில் மருத்துவச்சியிடம் போனபோது, அவர் கேட்ட ஒரு கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொன்னேன்.

இங்கே பிரச்சினை ஒன்றும் இல்லாத கர்ப்பத்தை டாக்டர் பார்ப்பதில்லை. மருத்துவச்சிதான். எங்கள் மருத்துவச்சியின் பெயர் லிசெட். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். கணினியைப் பார்த்துக்கொண்டே வரிசையாகக் கேட்டார். சர்க்கரை உண்டா, தைராய்டு உண்டா, ரத்தச் சொந்தத்தில் திருமணமா. “சின்னம்மை வந்திருக்கிறதா?”

“வந்திருக்கிறது” என்றேன்.

“நிச்சயமாக?”

“நிச்சயமாக. கோயிலுக்கு நேர்த்திக்கடன்கூடச் செலுத்தியிருக்கிறோம்” என்று சொல்ல நினைத்தேன். அதை டச்சு மொழியில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் வெறுமனே தலையாட்டினேன். அவர் தட்டச்சு செய்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். எட்டிப் பார்த்தபோது அந்தக் கேள்விக்கு மூன்று கட்டங்கள் இருந்தன. ஆம், இல்லை, தெரியாது.

2

ஹர்ஷிக்கு நாலரை வயது. போன மாதம் ஒரு சனிக்கிழமை குளிப்பாட்டும்போது வயிற்றில் மூன்று சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தேன். கொசுவாக இருக்கும் என்றார் என் கணவர். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அலைகிற மாதத்தில் எந்தக் கொசு? சாயங்காலம் தலைமுடிக்குள்ளும் கிளம்பிவிட்டது. ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சொட்டுத் தண்ணீர். நான் ஐந்து மாதக் கர்ப்பிணி.

திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து, மகளுக்குச் சின்னம்மை, அனுப்ப மாட்டேன் என்றேன். “அவளுக்கு முடியாமல் இருக்கிறதா?” என்று கேட்டார் டீச்சர். காய்ச்சல் கொஞ்சம்தான் என்றேன். “அப்படியென்றால் அனுப்பலாமே. வகுப்பில் இன்னும் மூன்று பேருக்கு இருக்கிறது. எல்லாரும் வருகிறார்கள்” என்றார். நான் அனுப்பவில்லை.

“நம்ம ஊர்ல வேப்பிலையச் செருகி ஆளைத் தெருவுலயே நிறுத்திருவாங்க. இங்கன வாங்க வாங்கன்னு கூப்பிடுதாங்க” என்று என் கணவர் சிரித்தார். அவருக்குப் புதியம்புத்தூர். எதற்கும் முதலில் சிரித்துவிட்டு அப்புறம் யோசிக்கிறவர்.

அடுத்து மருத்துவச்சி நிலையத்துக்குப் பேசினேன். லிசெட் இல்லை, உதவியாளர் எடுத்தார். புள்ளிகள் எப்போது ஆரம்பித்தன என்று கேட்டார். முந்தாநாள் என்று சொல்ல வேண்டும். பதற்றத்தில் நாளை மறுநாள் என்கிற டச்சு வார்த்தை வாயில் வந்துவிட்டது. “அப்படியென்றால் இன்னும் ஆரம்பிக்கவில்லையா?” என்றார். ஆரம்பித்துவிட்டது, ஆரம்பித்துவிட்டது என்று அவசரமாகத் திருத்தினேன்.

அவர் என் கோப்பைத் திறந்து பார்த்தார். “உங்களுக்கு ஏற்கெனவே வந்திருக்கிறது என்று பதிவாகியிருக்கிறது. அதனால் கவலை இல்லை. வராதவர் என்றால் உடனே ரத்தம் பார்த்திருப்போம். எதிர்ப்புச் சக்தி இல்லாவிட்டால் ஒரு ஊசி உண்டு. அதைத் தொற்று பட்ட சில நாட்களுக்குள் போட வேண்டும். உங்களுக்கு அது தேவைப்படாது.”

நன்றி சொல்லிப் போனை வைத்தேன். அன்று முழுதும் நிம்மதியாகத்தான் இருந்தேன்.

ஹர்ஷிக்கு என்ன செய்வது என்பதில்தான் குழப்பம் ஆரம்பித்தது. டாக்டர் நிலையத்தில் பாராசிட்டமாலும் அரிப்புக்கு மென்தால் கலந்த வெள்ளை மருந்தும் போதும் என்றார்கள். வேறு காய்ச்சல் மருந்து எதுவும் கேட்காமல் கொடுக்காதீர்கள் என்று மட்டும் எச்சரித்தார்கள். அம்மா வீடியோவில் ஹர்ஷியைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“தாளிக்காதட்டி. கடுகு வெடிக்கிற சத்தமே கேக்கப்பிடாது.”

“சரிம்மா.”

“மாத்திரை எதுவும் குடுத்தியா?”

“காய்ச்சலுக்கு ஒரு வேளை...”

“ஏட்டி, அவ வந்து எறங்கியிருக்கா. நீ மாத்திரையப் போட்டு வெரட்டுத!”

என் கணவர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, “அத்தை, இங்கன டாக்டரே அது ஒண்ணுதான் குடுக்காங்க. அதையும் வேண்டாம்னா அவியளுக்கு வேலையே இல்ல” என்றார்.

“மாப்ள, நீங்க ஒண்ணுஞ் சொல்லாதீங்க. வேப்பிலை கெடைக்குமா, அதச் சொல்லுங்க. கொழுந்தா அரைச்சு மஞ்சளும் சேத்து ஒரு சுண்டைக்கா அளவு உள்ளுக்குக் குடுக்கணும்.”

நான் தாவரவியலில் முதுகலை. வேம்பின் லத்தீன் பெயர், குடும்பம், பூவின் குறுக்குவெட்டுப் படம் எல்லாம் இப்போதும் எழுதிக் காட்டுவேன். ஒரு இலைக்கு வழியில்லை. என் கணவர் சைக்கிளில், இந்தியச் சாமான் விற்கும் சூரினாம்காரர் கடைக்குப் போய் உலர்ந்த வேப்பிலைப் பொட்டலம் ஒன்றை வாங்கிவந்தார். அதன் முதுகில் சின்ன எழுத்தில், சிறு குழந்தைகளும் கர்ப்பிணிகளும் உட்கொள்ளக் கூடாது என்று போட்டிருந்தது. அம்மா சொல்வதா, பொட்டலம் சொல்வதா? அந்த இலையைப் போட்டுக் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் துணியை நனைத்து ஹர்ஷியின் கை கால்களைத் துடைத்தேன். உள்ளுக்குக் கொடுக்கவில்லை. கொடுத்தேன் என்று அம்மாவிடம் சொன்னேன்.

பக்கத்து வீட்டு ரியாவுக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். விஷயம் தெரிந்ததும் ஒரு பழைய காலுறைக்குள் ஓட்ஸை அடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அதைத் தொட்டித் தண்ணீரில் ஊறவிட்டுப் பிழிந்தால் தண்ணீர் கஞ்சி மாதிரி ஆகும், அதில் பிள்ளையை உட்கார வைத்தால் அரிப்பு அடங்கும் என்றார். மாத்திரை கொடுத்தீர்களா என்று அவரும் கேட்டார். கொடுத்தேன் என்றதும் உதட்டைச் சுழித்தார். காய்ச்சல் நல்லது, உடம்பு வேலை செய்கிறது, அதை அடக்கக் கூடாது என்றார். அம்மாவும் இவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்களோ என்று தோன்றியது. பாராசிட்டமால் கொடுத்ததற்காக இரண்டு கண்டங்களிலும் திட்டு வாங்கினேன். ஓட்ஸ் தண்ணீரில் உட்கார்ந்து ஹர்ஷி சொறியாமல் இருந்தது மட்டும் உண்மை. அது ஓட்ஸா, வேப்பிலையா, வெள்ளை மருந்தா, வெறும் தண்ணீரா என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொன்றாகச் செய்துபார்க்கப் படித்தவள்தான். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தேன்.

3

செவ்வாய்க்கிழமை அண்ணன் கூப்பிட்டான். செந்தில் கோவில்பட்டியில் உரக்கடை வைத்திருக்கிறான். கடைக்குள் நின்றுகொண்டேதான் எப்போதும் பேசுவான். நடுநடுவே யாருக்காவது பூச்சிமருந்து எடுத்துக் கொடுப்பான்.

“என்னட்டி, வெளிநாட்டுல உக்காந்து வேப்பிலை தேடுதியாம்? எம் பிள்ளைகளுக்குத் தடுப்பூசியே போட்டாச்சு.”

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“சொன்னா வீட்டுக்குள்ள விடுவாளா? சத்து ஊசின்னு சொல்லி வச்சிருக்கேன்.”

இருவரும் சிரித்தோம். எனக்குப் பயமில்லை, சின்ன வயதில் வந்துவிட்டதால் வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாதாம் என்று அவனிடம் பெருமையாகச் சொன்னேன்.

“உனக்கா? எனக்குல்லாட்டி போட்டுச்சு.”

“ரெண்டு பேருக்கும்தானே.”

“நல்லாருக்கே கதை. ஒடம்பு பூரா எரிஞ்சு கெடந்தது நானு. நீ இளநி குடிக்கப் பக்கத்துல வந்து படுத்துக்கிட்ட. முக்கா இளநிய நீதான் குடிச்ச. அந்தக் கடுப்பு எனக்கு இன்னும் போகல.”

“என் புருவத்துக்கு மேல தழும்பு இருக்குல்லா?”

“அதுவா? ஓடைப் பக்கம் ஓணானுக்குக் கல்லெறியப் போயி சீமைக்கருவேல முள்ளுல விழுந்த. அப்பாட்ட அடி வாங்கினது நானு. அதையும் அம்மை கணக்குல சேத்துட்டியா? இரு, ஒரு ஆளு வந்திருக்காரு... அண்ணாச்சி, உளுந்துக்கு அடிக்கவா, பருத்திக்கா?”

அவன் யாருக்கோ பாட்டிலைக் காட்டிக்கொண்டிருந்தான். நான் கண்ணாடி முன்னால் போய் நின்றேன். இடது புருவத்துக்கு மேலே அரிசி அளவுக்கு ஒரு பள்ளம். அம்மை முத்தை நீ பிய்த்துவிட்டாய், அதுதான் என்று சின்ன வயதிலிருந்து அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். கல்யாணப் புகைப்படத்தில்கூட அதை மறைக்கச் சொன்னாள். இப்போது பார்த்தால் முள் குத்தியதுபோலத்தான் இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தேன், முத்து உதிர்ந்ததுபோலவும் இருந்தது.

4

அம்மாவிடம் கேட்டபோது அவள் சந்தேகமே படவில்லை.

“உனக்குத்தாம்ட்டி கூடப் போட்டுச்சு. அவன் கெடக்கான் கூறுகெட்டவன். ரெண்டு பானை எடுத்தோம்லா? போடாத பிள்ளைக்கு யாரு பானை எடுப்பா?”

“நீ பாத்தியாம்மா? என் ஒடம்புல முத்து இருந்ததை நீ கண்ணால பாத்தியா?”

வீடியோவில் அம்மா விட்டத்தைப் பார்த்தாள். பிறகு, “அப்ப உன் தம்பி எம் வயித்துல. என்னை எங்க உள்ள விட்டாங்க?” என்றாள்.

இது எனக்குத் தெரியாது, அல்லது தெரிந்து மறந்துவிட்டேன். வயிற்றில் பிள்ளை இருப்பவள் அம்மை போட்ட வீட்டில் இருக்கக் கூடாது என்று அம்மாவை எதிர்வீட்டுப் பெரியப்பா வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். இரண்டு வாரமோ மூன்று வாரமோ அவள் அங்கேதான் இருந்தாள். எங்களைப் பார்த்துக்கொண்டது அப்பாவின் அக்கா பொன்னத்தை. அவர் இப்போது எப்போதும்வென்றான் என்கிற ஊரில் மகன் வீட்டில் இருக்கிறார். புதன்கிழமை அந்த மகனைப் போனில் பிடித்து, அத்தையிடம் கொடுக்கச் சொன்னேன்.

“தாயி, நல்லாருக்கியா? எத்தனை மாசம்?”

“அஞ்சு அத்தை. அத்தை, சின்ன வயசுல எனக்கு அம்மை போட்டுச்சுல்லா?”

“போட்டுச்சு, போட்டுச்சு. உங்க அண்ணனுக்கு.”

“எனக்கு?”

“உனக்கும் சேத்துத்தான் பாய் விரிச்சேன். வீட்டுக்கு வந்த மாரியாத்தா, ரெண்டு பிள்ளையையும் ஒரேயடியாப் பாத்துட்டுப் போகட்டும்னு. இன்னைக்கு ஒண்ணு, அடுத்த வருசம் ஒண்ணுன்னு எவ கெடந்து பாக்குறது? உங்க அம்மா வேற வயித்துப்பிள்ளைக்காரி.”

“என் ஒடம்புல முத்து இருந்துச்சா?”

“முதுகுல ரெண்டு மூணு இருந்த மாரி இருக்கு. இல்ல, அது வேர்க்குருவோ என்னமோ. சித்திரை மாசம்லா, எல்லாப் பிள்ளைக்கும் முதுகு சொரசொரன்னுதான் இருக்கும்.”

“அப்புறம் ஏன் அத்தை எனக்கும் பானை எடுத்தாங்க?”

“படுத்தது ரெண்டு பிள்ளை. ஒண்ணுக்கு எடுத்து ஒண்ண விட்டா நல்லாவா இருக்கும்?” அத்தைக்கு என் கேள்வியே புரியவில்லை. “இப்ப எதுக்குத் தாயி அதைக் கேக்குத?”

எதுக்கு என்று நான் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டுச் சமையலறையில் அப்படியே உட்கார்ந்தேன். எனக்கு நினைவிருந்தது வைத்தியம் மட்டும்தான். வேப்பிலைப் படுக்கை, இளநீர், தலைக்கு ஊற்றிய தண்ணீர், பானை. அவையெல்லாம் நடந்தவைதான். நோய் வந்ததா என்பதற்கு மட்டும் ஒரு சாட்சியும் இல்லை. கோயிலுக்கு எடுத்த மண்பானையை நான் நெதர்லாந்தின் மருத்துவப் பதிவில் ஏற்றிவிட்டேன். அந்த “ஆம்” அங்கே இருக்கும்வரை என் ரத்தத்தை யாரும் பார்க்கப் போவதில்லை. சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பிருந்தே ஹர்ஷியிடமிருந்து தொற்றியிருக்கும் என்று இணையத்தில் படித்திருந்தேன். அப்படியென்றால் ஏறக்குறைய ஒரு வாரம் போய்விட்டது. சில நாட்களுக்குள் என்று அந்த உதவியாளர் சொன்னாரே, சில என்றால் எத்தனை?

“இப்பவே போன் பண்ணு” என்றார் என் கணவர். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

நான் பண்ணவில்லை. அன்று சாயங்காலம் நாலு மணிக்கே எல்லாம் தெரிந்தும் மறுநாள் காலை எட்டு மணிவரை சும்மா இருந்தேன். ஏன் என்று இப்போதும் சரியாகச் சொல்ல முடியவில்லை. நிச்சயமாக என்று தலையாட்டியவள் இன்று தெரியாது என்றால் பொய்க்காரி என்று நினைப்பார்களோ? எங்கள் ஊரையே விவரமற்றவர்கள் என்று நினைப்பார்களோ? அம்மா பார்த்துச் சொன்னாள் என்றுதானே இவ்வளவு காலம் இருந்தேன், அதை ஒரு அந்நிய மொழியில் நானே மறுத்துச் சொல்ல வேண்டுமா? இதெல்லாம் ஒரு பக்கம். சொல்லாமல் இருந்தால் “ஆம்” என்பது உண்மையாகவே இருந்துவிடும் என்று எனக்குள் ஒரு மூட நினைப்பும் இருந்தது. வயிற்றுப் பிள்ளை அசைகிற மாதம். அன்று அது அசையும்போதெல்லாம் எனக்குக் குற்றம் செய்ததுபோல இருந்தது.

சொல்ல வேண்டிய வாக்கியத்தை டச்சில் தாளில் எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன்.

5

“எனக்குப் புரியவில்லை” என்றார் லிசெட், வியாழக்கிழமை காலை போனில். “உங்களுக்குச் சிகிச்சை நடந்தது, ஆனால் நோய் இல்லையா?”

“இருந்திருக்கலாம். எங்கள் ஊரில் வீட்டில் ஒரு பிள்ளைக்கு வந்தால் எல்லாப் பிள்ளைக்கும் சேர்த்துச் செய்வார்கள். நான் அதை நோய் என்று நினைத்துக்கொண்டேன்.”

“உங்கள் அம்மா?”

“அவர் அப்போது கர்ப்பமாக இருந்தார். உள்ளே விடவில்லை.”

“புத்திசாலிகள்” என்றார் லிசெட். கேலி செய்கிறாரோ என்று காத்திருந்தேன். அவர் கேலி செய்யவில்லை. “பத்து மணிக்கு வாருங்கள். ரத்தம் எடுத்துவிடுவோம். நாளைக்குள் தெரிந்துவிடும், ஊசிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அதுவரை குழந்தையை உங்கள் கணவர் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் பக்கத்தில் போக வேண்டாம்.”

அவ்வளவுதான். பொய்க்காரி என்றெல்லாம் அவர் யோசித்ததாகவே தெரியவில்லை. ஒரு இரவை வீணாக்கியதற்கு என்னைத்தான் திட்டிக்கொண்டேன். இதைப் படிக்கிற உங்களில் யாராவது பிள்ளை உண்டாகியிருந்து, உங்களிடம் இதே கேள்வியைக் கேட்டால், நினைவிருக்கிறது என்பதற்காக ஆம் என்று சொல்லாதீர்கள். தெரியாது என்று சொல்வதில் ஒரு வெட்கமும் இல்லை. எனக்கு அதைச் சொல்லத் தெரியாமல் போயிற்று.

என் கணவர் இரண்டு நாள் விடுப்பு எடுத்து ஹர்ஷியோடு அறைக்குள் இருந்தார். நான் சமைத்துத் தட்டை வாசலில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வேன். பருப்பைக் கொதிக்கவைத்து உப்புப் போட்டு இறக்கினேன். தாளிக்கவில்லை. நம்பிக்கையா என்றால் இல்லை. தாளித்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. ஆனாலும் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து, திரும்ப வைத்துவிட்டேன். மறுநாளும் அப்படியேதான்.

அறைக்குள்ளிருந்து பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். முதல் நாள் மத்தியானம்வரை “அம்மா எங்க? அம்மா வரட்டும்” என்று அழுதாள். பாப்பாவுக்காக அம்மா வெளியே நிற்கிறாள் என்று அவர் சொன்னதும், “அப்படின்னா பாப்பா வேண்டாம்” என்றாள். அதற்குப் பிறகு டச்சுக்கு மாறிவிட்டாள். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததிலிருந்து, கோபம் வந்தாலும் சந்தோஷம் வந்தாலும் அவளுக்கு அந்த மொழிதான் முதலில் வருகிறது. சாயங்காலம் உள்ளே இருவரும் எதற்கோ சிரித்தார்கள். எதற்கென்று பிடிபடவில்லை. கதவில் கையை வைத்தபடி நின்றேன்.

அம்மா அப்போது போனில் கூப்பிட்டாள். ரத்தம் எடுத்ததை அவளிடம் சொல்லாமலிருக்க முடியவில்லை. கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

“வெளியதான் நிக்கியா?” என்றாள்.

“ஆமா.”

“நானும் அப்பிடித்தான் நின்னேன். பெரியப்பா வீட்டு வாசல்ல நின்னா நம்ம வீட்டுச் சன்னல் தெரியும். செந்தில் அழுத சத்தம் தெரு பூராக் கேக்கும். உன் சத்தமே கேக்காது. அழக்கூடத் தெம்பில்லாமக் கெடக்கா, இவளுக்குத்தான் கூடப் போட்டிருக்குன்னு நெனச்சுக்கிட்டேன்.” கொஞ்சம் நிறுத்தினாள். “உனக்குன்னு ரெண்டாவது பானை நேந்தது நாந்தாம்ட்டி. உங்க அத்தை இல்ல.”

இளநீர் குடித்துக்கொண்டு அழாமல் கிடந்திருக்கிறேன் போலிருக்கிறது. நான் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.

6

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு லிசெட் பேசினார்.

“நல்ல செய்தி. எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. உங்களுக்கு எப்போதோ வந்திருக்கிறது. குழந்தைக்கு ஆபத்தில்லை, ஊசி வேண்டாம்.”

“எப்போது வந்தது?”

“அது ரத்தத்தில் தெரியாது.”

“அது என் ரத்தம்தானா?” என்று கேட்டுவிட்டேன். இங்கே எனக்குக் குடும்பப் பெயராக இருப்பது அப்பாவின் பெயர். பல இடங்களில் அப்பா பெயரால்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். ஒருமுறை அப்பா பெயரில் எனக்கே ஒரு கடிதம், திருவாளர் என்று போட்டு வந்தது. லிசெட் பொறுமையாக ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார், பிறந்த தேதியையும் சொன்னார். “நீங்கள்தான்” என்றார். “போய் உங்கள் மகளைப் பாருங்கள்.”

குடும்பக் குழுவில் விஷயத்தைப் போட்டேன். “நான் சொன்னேன்லா” என்று அம்மா குரல் பதிவு அனுப்பினாள். அண்ணன், “அப்ப எம் பக்கத்துல படுத்துத்தான் வாங்கியிருக்க. இளநிக்கு ஆசைப்பட்டல்லா, வேணும்” என்று எழுதினான். பொன்னத்தை தன் மகன் போனிலிருந்து பேசினார். முதுகில் இருந்தது வேர்க்குரு இல்லையாம், முத்துதானாம், இப்போது நன்றாக ஞாபகம் வருகிறதாம். மூன்று நாளாக இவர்கள் சொன்னதையெல்லாம் நான் கோத்துக் கோத்துப் பார்த்திருந்தேன். ஒரு வரிச் செய்தியில் எல்லாருடைய ஞாபகமும் மாறிவிட்டது. அழாமல் கிடந்தது தெம்பில்லாமலா, இளநீராலா? அம்மா சொன்னதுதான் சரியோ? அவள் பார்க்காததைச் சரியாகச் சொன்னாளா, அல்லது வேறு எப்போதாவது, கல்லூரி விடுதியில் வந்த ஒரு காய்ச்சலிலோ, எனக்கு அது வந்துபோனதா? இனி யாரைக் கேட்பது?

கதவைத் திறந்தேன். என் கணவர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, ஒன்றும் கேட்காமல் வெள்ளை மருந்தை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து வெளியே போனார். ஹர்ஷி சட்டையில்லாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பாதி முத்துகள் காய்ந்து பொருக்காகியிருந்தன. ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் மருந்துப் பாட்டிலைப் பார்த்தாள்.

“அப்பா போடட்டும்.”

“ஏன், அம்மா போட்டா என்ன?”

“அப்பா எண்ணிக்கிட்டே போடுவாங்க. உனக்கு எண்ணத் தெரியாது.”

முத்தை எண்ணக் கூடாது என்பார்கள் எங்கள் ஊரில். எண்ணினால் மாரியம்மனுக்குக் கோபம் வரும், முத்து கூடும் என்பார்கள். அது ஞாபகம் வந்தது. ஹர்ஷியின் முகத்தையும் பார்த்தேன்.

“அம்மாவும் எண்ணுதேன்” என்றேன். “தமிழ்ல.”

அவள் யோசித்தாள். பிறகு வயிற்றைக் காட்டிக்கொண்டு படுத்தாள். பஞ்சில் மருந்தைத் தொட்டு, ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தேன். பத்துவரை அவளும் கூடவே சொன்னாள். பதினொன்றில் நின்றுவிட்டாள், அதற்கு மேல் அவளுக்குத் தமிழில் தெரியாது. நான் தனியாகப் போனேன். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கிறாளா, தூங்கப் போகிறாளா என்று தெரியவில்லை. தோளில் இருந்த ஒன்றின்மேல் பஞ்சை வைத்து முப்பத்து நாலு என்றேன்.

“அதை ஏற்கெனவே எண்ணியாச்சு” என்றாள், டச்சில்.

“அப்படியா?”

“ஆமா. தப்பு.” வயிற்றைத் தட்டிக் காட்டினாள். “முதல்லேருந்து.”

நான் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.